பேட்டாவும் சம்பளமும்

கௌனாஸ், லிதுவேனியா
ஜனவரி 18

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பாப்பா பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாளா! பழைய லாரியை விற்றுவிட்டதாக எழுதியிருந்ததைப் படித்தபோது மனம் கனத்தது. அதில் ஏறித்தானே நாம் இருவரும் முதன்முதலாகச் சங்ககிரியைத் தாண்டிப் போனோம்.

உன் அக்கா மகன் பிரபு ஐரோப்பாவுக்கு லாரி ஓட்ட வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். போக்குவரத்து நிறுவனங்களுக்கு ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் நான்கு வருடமாக எனக்கு வேலை. இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

ஆள் தேவை என்பது உண்மை. இங்கே ஓட்டுநர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது; வாரக்கணக்கில் கேபினில் கிடக்க உள்ளூர்ப் பிள்ளைகள் வருவதில்லை. லிதுவேனியா, போலந்து வண்டிகளை முன்பு உக்ரைன்காரர்களும் பெலாரஸ்காரர்களும்தான் பெரும்பாலும் ஓட்டினார்கள். 2022இல் போர் மூண்டதும் 18 முதல் 60 வயதுவரை உள்ள உக்ரைன் ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை வந்தது. அதன்பிறகு உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான் விண்ணப்பங்கள் என் மேசையில் குவிந்தன. இப்போது நம் நாட்டிலிருந்தும் வருகின்றன.

நம் ஊர் கனரக உரிமம் மட்டும் இங்கே போதாது. 'கோட் 95' என்னும் தொழில்முறைத் தகுதி வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சி எடுத்து அதைப் புதுப்பிக்க வேண்டும். வண்டியில் உள்ள டாகோகிராஃப் கருவி ஓடிய நேரம், நின்ற நேரம் எல்லாவற்றையும் பதிவு செய்துவிடும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. தூக்கத்தைத் தொலைத்து நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு ஓட்டியவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தச் சட்டத்தின் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் சம்பளத்தில்தான் கண் வைக்க வேண்டும். போன அக்டோபரில் ஒரு வேலையாக ஸ்வியெட்ஸ்கோ போயிருந்தேன். போலந்து, ஜெர்மனி எல்லையில் உள்ள பெரிய லாரி நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கனரக லாரி இரவு பத்து மணிவரை ஓடக் கூடாது என்பதால் இடம் நிரம்பி வழிந்தது. டிரெய்லரின் பக்கவாட்டுப் பெட்டிக் கதவைத் திறந்து, உள்ளே கேஸ் அடுப்பு வைத்து ஒருவர் உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தார். நான் தேர்ந்தெடுத்து அனுப்பிய உஸ்பெக் ஓட்டுநர். எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் மடித்து வைத்திருந்த சம்பளச் சீட்டைப் பிரித்து என் முன்னே நீட்டினார். காலில் அடிபட்டு மூன்று வாரம் படுத்திருந்த மாதத்துச் சீட்டு அது. கைக்கு வந்தது வழக்கமான தொகையில் பாதிகூட இல்லை.

உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர் பேட்டாதான். அடிப்படைச் சம்பளம் சிறியது, மீதியெல்லாம் தினப்படி. சக்கரம் நின்றால் படியும் நின்றுவிடும். ஓய்வூதியக் கணக்கிலும் அது சேராது. ஆள் எடுக்கும்போது மொத்தத் தொகையைத்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அது என் தவறு. அன்றிலிருந்து இரண்டையும் தனித்தனியாகத் தாளில் எழுதிக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. இதனால் இரண்டு நிறுவனங்கள் என்னிடம் ஆள் கேட்பதை நிறுத்திவிட்டன.

சம்பளமே கைக்கு வராமல் போவதும் உண்டு. 2023இல் ஜெர்மனியின் கிரேஃபென்ஹவுசன் நிறுத்தத்தில், ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் போராடித்தான் பாக்கியை வாங்கினார்கள்.

ஓய்விலும் ஒன்று கவனிக்க வேண்டும். 45 மணி நேர வார ஓய்வைக் கேபினில் கழிக்கக் கூடாது, தங்குமிடச் செலவு நிறுவனத்துடையது என்று 2020 முதல் சட்டம் இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை இரவு எந்த நிறுத்தத்துக்குப் போனாலும் கேபின்களில் திரை இழுத்திருக்கும்; ஓட்டுநர்கள் உள்ளேதான் படுத்திருப்பார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊர் திரும்ப வழி செய்ய வேண்டும் என்றும் விதி உண்டு. தூரதேசத்துக்காரனுக்கு அது பெரும்பாலும் கம்பெனி டிப்போவரைதான்.

பிரபுவிடம் முகவர் ஆறு லட்சம் கேட்பதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்துத்தான் இரவு தூக்கம் வரவில்லை. இந்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். அவருடைய பதிவு எண்ணைக் கேள். தயங்கினால் எழுந்து வந்துவிடு. கடன் வாங்கி வந்தவன் இங்கே எந்த அநியாயத்தையும் எதிர்த்துப் பேச முடியாமல் வாய்மூடிக் கிடப்பதை நான் நேரில் பார்க்கிறேன்.

அக்கா தோட்டத்துப் பத்திரத்தை எங்கும் அடகு வைக்க வேண்டாம், நான் சொன்னதாகவே சொல். ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை; வரி வரியாகப் படித்துவிட்டு அவனிடமே பேசுகிறேன்.

அன்புடன்,
முருகேசன்