பின்கட்டுத் தோட்டம் பூத்திருக்கிறது

பங்காளிகளுக்கும், காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில் எங்கள் தெருக்காரர்களுக்கும், தோட்டத்துக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

பங்குனி பிறப்பதற்கு முன்பே நம் பொது வீட்டின் பின்கட்டில் மல்லிகை மொட்டுவிட்டது. இப்போது கத்தரியும் வெண்டையும் தக்காளியும் கொத்தவரை என்கிற சீனி அவரையும் காய்க்கின்றன. பறங்கிக்கொடி மதிலேறிப் போயிருக்கிறது. கிணற்றடி வேம்பு பூக்கத் தொடங்கிவிட்டதால் காலையில் பின்கதவைத் திறந்ததும் வாசனை உள்முற்றத்து வளவு வரைக்கும் வருகிறது. பார்க்க வருகிறவர்களெல்லாம் என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு உங்களுடையது. அதை உரியவர்களிடம் சேர்க்கவே இந்த மடல்.

பொது வீட்டில் எந்த வேலை தொடங்கினாலும் எல்லாப் புள்ளிகளும், அதாவது பங்குள்ள ஒவ்வொரு குடும்பமும், சம்மதிக்க வேண்டும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற பங்காளிகளுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. பெரியப்பச்சி வீட்டு அண்ணன் கிணறு தூர்வாரும் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார். "நான் பிறந்த வீட்டுக் கிணறு, அதில் தண்ணீர் இருந்தால் போதும்" என்றார். அண்ணனுக்கு என் வணக்கம்.

கிணற்றில் தண்ணீர் தங்கியதற்குக் கொத்தனாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். நம் ஊர் வீடுகளைக் கட்டியவர்கள் மழையைக் கணக்கில் வைத்துத்தான் கட்டினார்கள். நான்கு பக்க ஓட்டுக்கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிகிறது. விழும் நீரை அண்டாவில் பிடித்தது போக மீதி, கல் வடிகால் வழியாக வெளியேறி ஊரணிக்குப் போய்ச் சேரும். நம் வீட்டு வடிகால் பல காலமாக அடைபட்டுக் கிடந்தது. கொத்தனார் அந்தப் பழைய தளக்கற்களில் ஒன்றுகூட விரிசல் விடாமல் பெயர்த்தெடுத்தார். அடைப்பை நீக்கி, நீர் பின்கட்டுக் கிணற்றடிக்குத் திரும்பும்படி வாட்டம் வைத்து, கற்களை இருந்த இடத்திலேயே பதித்துக் கொடுத்தார். இடித்துவிட்டுக் குழாய் போடுவது அவருக்கு எளிது, கூலியும் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த வடகிழக்குப் பருவமழை முழுவதும் நிலத்துக்குள் இறங்கியது. அதனால்தான் இந்த வெயிலிலும் வாளி நிறைகிறது.

மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடியில் செம்புறாங்கல், மேலே செம்மண். ஒரு மழை பெய்து காய்ந்தால் மேல்மண் இறுகிவிடும், விதை முளைத்து வெளியே வரவே திணறும். குன்றக்குடி வேளாண் அறிவியல் மையத்தில் நமக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்ன அலுவலர்களுக்கு நன்றி. இந்த மண்ணில் மக்கு (மட்கிய இலைதழை, சாணச் சத்து) குறைவு, அதைக் கூட்டாமல் எந்த உரம் போட்டும் பயனில்லை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் ஆட்டு மந்தை வைத்திருக்கும் கீதாரி ஐயாவைத் தேடிப் போனேன்.

அவரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. அறுவடை முடிந்த வயல்களுக்குப் போகவிருந்த தம் மந்தையை நமக்காகத் திருப்பி, பின்கட்டில் இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டார். ஆட்டுப்புழுக்கையை மூட்டையாக வாங்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. கிடை போட்டால் புழுக்கையோடு ஆட்டுக் கோமியமும் நேராக மண்ணில் இறங்குகிறது, மூட்டையில் அது வராது. "கிடை எழுந்த அன்றைக்கே கொத்திப் புரட்டிவிடுங்கள் ஆச்சி, வெயிலில் காய்ந்தால் சத்துப் போய்விடும்" என்று சொல்லி, தாமும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பணம் வாங்க மறுத்து, அரிசி மட்டும் பெற்றுக்கொண்டார். கண்மாயில் படிந்த வண்டலான கரம்பையை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டிய தம்பிக்கும், அதைக் கூடை கூடையாகச் சுமந்து பரப்பிய பெண்களுக்கும் நன்றி.

மல்லிகை, பூக்கட்டும் அக்காவின் கைவேலை. கார்த்திகைக் கடைசியில் வந்து, புதராகக் கிடந்த செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். குச்சிகளாக நின்றதைப் பார்த்து எனக்கு மனம் பதைத்தது. "பூ புதுத் துளிரில்தான் வரும் ஆச்சி, பழைய கிளை தண்ணீரைத்தான் குடிக்கும்" என்றார். தை முடிவில் துளிர்த்து, மாசியில் அரும்பு கட்டியது. இன்று அவர் கடைக்கு நம் தோட்டத்துப் பூவும் போகிறது.

கத்தரிக்கு அடுத்த வீட்டு ஆத்தா காவல் இருந்தார். வாடித் தொங்கும் நுனித்தண்டுக்குள் புழு இருக்கும் என்று காட்டி, நாள்தோறும் அவற்றைக் கிள்ளி எடுத்து அழித்தவர் அவர். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலத்தில் தெளிக்கச் சொன்னார். கடை மருந்து ஒரு சொட்டும் படாத காய் அது. அதில் கோசமல்லி செய்து இட்லியோடு அவருக்குத்தான் முதலில் கொடுத்தனுப்பினேன்.

எதிர்வீட்டுப் பிள்ளைகளை மறந்தால் பறங்கிக்கொடி என்னை மன்னிக்காது. பறங்கியில் முதலில் ஆண் பூக்கள் வரும், பிறகுதான் அடியில் சிறு பிஞ்சோடு பெண் பூ வரும். தேனீ குறைவாக இருந்ததால், பூ விரிந்திருக்கும் விடியற்காலையிலேயே அந்தப் பிள்ளைகள் வந்து ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனார்கள். அவர்கள் தொட்ட பூவெல்லாம் காயாக நிற்கிறது. புளிக்கறிக்கு வேண்டியதை அவர்கள் வீட்டார் கேட்காமலே பறித்துக்கொள்ளலாம்.

தக்காளியில் முதல் கூடை காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் போனது. மாசி, பங்குனித் திருவிழாவில் அம்மனுக்குத் தக்காளிப் பழம் செலுத்துவது நம் பக்கத்து வழக்கம். கடையில் வாங்கிச் செலுத்தி வந்த நமக்கு, இந்த ஆண்டு நம் கொல்லைப் பழத்தையே கொண்டுபோகக் கிடைத்தது. வரிசையில் நின்றபோது உங்கள் எல்லோர் பெயரையும் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

கத்தரி, வெண்டை, சீனி அவரையில் விதைக்கென்று நல்ல காய்களைச் செடியிலேயே முற்றவிட்டிருக்கிறேன். விதைகளைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி, சித்திரைக்குள் பொட்டலம் கட்டிவிடுவேன். ஆடிப்பட்டத்துக்கு வேண்டியவர்கள் சாயங்காலத்தில் பின்தெருக் கதவு வழியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூர்ப் பங்காளிகள் முகவரி அனுப்பினால் கூரியரில் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் பின்கட்டு ஆச்சி