சார்பதிவாளர் அலுவலகத்தைத் தரைத்தளத்திற்கு மாற்றக் கோரும் நான்காவது மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 45 – முதல் மாடியில் இயங்கும் சார்பதிவாளர் அலுவலகத்தை அதே கட்டடத்தின் தரைத்தளத்திற்கு மாற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2023, 2024, 2025 ஆம் ஆண்டுகளில் நான் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் செயலிழந்து சக்கர நாற்காலியில் நடமாடும் நான், பேருந்து நிலையத்தின் பின்புறமுள்ள வாடகைக் கட்டடத்தில் இயங்கும் எங்கள் பகுதிச் சார்பதிவாளர் அலுவலகம் பற்றி மூன்று முறை திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு அளித்துள்ளேன். சாக்கடை மேல் போட்ட கற்பலகையும், அதை ஒட்டி ஏறும் குறுகிய படிக்கட்டும் தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது பார்த்தவையே என்பதால் இடத்தை மீண்டும் விவரிக்கவில்லை.

1. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றது. அது கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட 2007 மார்ச் 30 அன்றே இந்தியா கையெழுத்திட்டு, அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று உறுதியும் செய்தது. பொதுக் கட்டடங்களுக்குள் நாங்கள் மற்றவர்களைப் போலவே சென்றுவர வழி செய்யவேண்டும் என்கிறது அதன் 9ஆம் உறுப்பு. நாடுகள் ஒன்றுக்கொன்று இதில் துணை நிற்கவேண்டும் என்கிறது 32ஆம் உறுப்பு. உலக வங்கிக் கடனுதவியோடு நம் மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘உரிமைகள்’ திட்டமும் நடக்கிறது.

2. அந்த உடன்படிக்கையை நிறைவேற்றவே 2016ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. விதிகள் அறிவிக்கப்பட்ட 2017 ஜூன் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் மாற்றியமைக்கவேண்டும் என்று பிரிவு 45 கூறுகிறது. அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. "தனியார் கட்டடம், எங்களால் ஒன்றும் செய்ய இயலாது" என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். ஆனால் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் தனியாருடையதாக இருந்தாலும் அது பொதுக் கட்டடமே என்று அச்சட்டம் பிரிவு 2இல் தெளிவாக வரையறுத்திருக்கிறது.

3. படிகள் இருபத்து மூன்று. சென்ற ஆண்டு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்திடவும், புகைப்படமும் கைரேகையும் பதியவும் சென்றிருந்தேன். என் தம்பி ஒருவனால் என்னைத் தூக்க இயலவில்லை. பத்திர எழுத்தரின் உதவியாளரும், டீக்கடையில் நின்றிருந்த, எனக்கு முன்பின் தெரியாத இருவரும் சேர்ந்து நாற்காலியோடு தூக்கினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் வந்தார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலி நுழையாததால் என்னை இறக்கி, அக்குளிலும் முழங்காலுக்குக் கீழும் கைகொடுத்துத் தனியே தூக்கினார்கள். புடவை கணுக்காலுக்கு மேல் ஏறியதை நான் உணர்ந்தேன். இரு கைகளாலும் அவர்கள் தோளைப் பிடித்திருந்ததால் அதை இழுத்துவிட எனக்குக் கை இல்லை. மேலே வரிசையில் நின்றவர்கள், என் அண்ணன்மார்களின் சம்பந்தி வீட்டார் உட்பட, பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலையிலிருந்து நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அங்குள்ள கழிப்பறைக்கு இன்னும் இரண்டு படிகள். எனக்கு வயது நாற்பத்து நான்கு, ஐயா. பள்ளி ஆசிரியையாகப் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றியவள் நான். என் அப்பா வீட்டில் எனக்குள்ள பங்கைப் பெறுவதற்கு நான் நெல்மூட்டையைப் போல ஏறவேண்டுமா?

4. மூன்று மனுக்களுக்கும் வந்த பதில் ஒன்றே: "தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." எதை முடித்தீர்கள்? படிகள் அப்படியே இருக்கின்றன. கோபத்தில் எழுதுவதாகத் தாங்கள் எண்ணினால், ஆம், கோபம்தான்.

5. சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்ய 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இடமுண்டு என்பதை நான் அறிவேன். அலுவலகத்திலும் அதைத்தான் யோசனையாகச் சொன்னார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. நான் பள்ளிக்கும் வங்கிக்கும் வாக்குச்சாவடிக்கும் தனியே போய்வருபவள். அலுவலகம் என்னிடம் வரவேண்டாம், நான் அங்கே போக வழி விட்டால் போதும்.

6. தரைத்தளத்தில் இரண்டு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, உடைந்த மேசைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சாய்தளமும் அந்தப் பூட்டின் சாவியும் போதும்.

ஆகவே, அலுவலகத்தைத் தரைத்தளத்திற்கு மாற்றவும், அதுவரை படியேற இயலாதவர்களின் பத்திரங்களைக் கீழ் அறையிலேயே பதிவு செய்யவும் உத்தரவிடுமாறு தங்களைப் பணிந்து வேண்டுகிறேன். மீண்டும் வேண்டுகிறேன், ஐயா: இம்மனுவை வேறு துறைக்கு அனுப்பாமல், தாங்களே இன்னொரு முறை அங்கே சென்று பார்க்கவேண்டும். என் பத்திரத்தில் புல எண் தவறாக அச்சாகியிருப்பதால், பிழைதிருத்தல் பத்திரத்துக்காக அடுத்த மாதம் நான் மறுபடியும் அதே படிக்கட்டின் கீழ் நிற்கவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள் – 3, படிக்கட்டின் புகைப்படம் – 2.