தொடர்கதைகளின் மறுபக்கத்தில் கிடைத்த வரிகளுக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள சேலத்து நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய பத்திரிகைகளின் திரைப்பட விமர்சனங்களிலிருந்து மனத்தில் நிற்கும் வரிகளைத் தேடி எழுதிவைக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. கூட நின்றவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லாமல் நோட்டை மூட மனம் வரவில்லை.

முதல் நன்றி செவ்வாய்ப்பேட்டைப் பெரியவருக்கு. ஐயா, தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் என்னை நீங்கள்தான் அழைத்துப் போனீர்கள். கதைக்காகக் காப்பாற்றிய தாள்கள் அவை. விமர்சனங்கள் அவற்றின் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு பிழைத்திருந்தன. ஒரு தாளில் படத்தின் பெயரே வெட்டுப்பட்டிருந்தது. நாயகி அழுத நேரமெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார் என்று எழுதியவர், அடுத்த வரியிலேயே, ஒரே காட்சியில் வந்துபோன தபால்காரருக்காக இன்னொரு டிக்கெட் எடுக்கலாம் என்கிறார். என்ன படமோ, யார் நடித்தாரோ! அந்தத் தபால்காரரை நான் பார்த்துவிட்டேன். ‘ஒளிப்பதிவு அருமை, இசை இனிமை’ என்று முடிக்கும் விமர்சனம் எத்தனை படித்தாலும் இந்தச் சுகம் கிடைப்பதில்லை.

1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் கொடுத்த 62.5 மதிப்பெண்ணை இன்றும் பலர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த விமர்சனத்தின் ஒரு வரியைச் சொல்லச் சொன்னால் தயங்குவார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி ‘ஆடல் பாடல்’ என்ற கலை விமர்சனப் பகுதியை எழுதிய பத்திரிகை அது. எண்ணைவிட எழுத்துக்கு அங்கே வயது அதிகம். பழைய தொகுப்புகளைத் தேடித் தந்த நூலக ஊழியர்களுக்கு என் வணக்கம்.

ஏற்காடு சாலையில் வசிக்கும் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது! உங்கள் அப்பா மாடர்ன் தியேட்டர்ஸில் விளக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். டி.ஆர்.சுந்தரம் நடத்திய அந்த ஸ்டூடியோ, 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை வண்ணத்தில் எடுத்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். உங்கள் அப்பாவின் கணக்கு நோட்டிலோ திட்டிய விமர்சனங்களும் பாராட்டியவையும் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தன. ஒரு படத்தைக் கடுமையாகச் சாடிய விமர்சனத்தில், இரவுக் காட்சியின் வெளிச்சத்தைப் பற்றி வந்த அரை வரியின் கீழே மட்டும் சிவப்புப் பென்சில் கோடு. திரையில் அவர் பெயர் வந்திருக்காது. அந்த அரை வரி அவரைக் கண்டுகொண்டது. விமர்சனம் எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும்.

மங்கிய எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொன்ன ஏற்காட்டு ஆசிரியைக்கும், தேநீர்க் கடையில் என்னோடு ஒவ்வொரு வரிக்கும் வாதாடிய நண்பர்களுக்கும் நன்றி.

வாங்கிய தொகுதிகளை இந்த வாரத்துக்குள் உரிய வீடுகளில் சேர்த்துவிடுகிறேன். தையல் விட்டுப்போனவற்றை அம்மாப்பேட்டை பைண்டிங் கடை அண்ணன் மறுபடி தைத்துக் கொடுத்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். அண்ணா, உங்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
சேலம் வாசகன்