ஒலி கேட்டேன், இரைச்சல் கிடைத்தது: சைலன்சர் வேலை குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர்,
கார் சைலன்சர் மாற்றியமைப்பு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: ஒப்புக்கொண்டபடி செய்யப்படாத சைலன்சர் வேலை, அசல் பாகங்களும் செலுத்திய தொகையும் கோருதல்.

ஐயா,

கடந்த ஆவணி மாதம் எனது 2008ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. 325i காரைத் தங்கள் பணிமனையில் விட்டு, அதன் சைலன்சர் அமைப்பை மாற்றித் தருவதற்காக 92,000 ரூபாய் செலுத்தினேன். தங்கள் மதிப்பீட்டுத் தாளில் எழுதியிருப்பது இது: "பின் சைலன்சர் மட்டும் மாற்றப்படும். நடு ரெசனேட்டர் அப்படியே இருக்கும். முழுவதும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டிக் வெல்டிங்." இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. முழக்கத்தை அடக்கும் பெட்டியான நடு ரெசனேட்டரை அறுத்து எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பொருத்தியிருக்கிறீர்கள். குழாய் 304 என்ற துருப்பிடிக்காத எஃகு வகை இல்லை. வெல்டிங்கின் லட்சணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒலி. இந்தக் காரை வாங்கியதே அதற்காகத்தான். டீசல் கார் வாங்கினால் மைலேஜாவது கிடைக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், காதில் வாங்கவில்லை. இதைப்போல ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள் நிற்கும் எஞ்சினில் பிஸ்டன்களின் விசைகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால் அதிர்வு மிகக் குறைவு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு ஒருமுறை சுற்றுவதற்குள் மூன்று வெடிப்புகள், 120 டிகிரிக்கு ஒன்றாக, பிசிறில்லாமல் வந்துகொண்டிருக்கும். அந்தச் சீரான ஒலி கொஞ்சம் தெளிவாக, முக்கியமாக 4000 ஆர்.பி.எம்.மை (நிமிடத்துக்கு 4000 சுற்றுகளை) தாண்டும்போது, கேட்க வேண்டும் என்பதுதான் நான் கேட்டது. சத்தத்தைக் கூட்டச் சொல்லவில்லை. நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாற்றச் சொன்னவனிடம் தவிலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

"ஆறு சிலிண்டர் என்றாலே இப்படித்தான் கரகரக்கும், ஓட ஓடப் பழகிவிடும்" என்றார் தங்கள் மேலாளர். இல்லை. இந்த எஞ்சினின் வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4. முதல் மூன்று சிலிண்டர்களின் புகை ஒரு குழாயிலும் பின் மூன்றின் புகை மற்றொரு குழாயிலும் வருகிறது. வரிசையைப் பாருங்கள்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாறி மாறியே வெடிக்கிறது. இரண்டு குழாய்களும் ஒரே நீளத்தில் வந்து சேர்ந்தால் துடிப்புகள் சம இடைவெளியில் கோத்துக்கொண்டு மென்மையான ஒலி பிறக்கும். தாங்கள் சேர்த்திருக்கும் இடத்தில் ஒரு குழாய் வளைந்து வளைந்து வந்து மற்றதைவிட ஏறக்குறைய ஒரு முழம் கூடுதலாக இருக்கிறது. அதனால் ஒரு துடிப்பு முந்துகிறது, அடுத்தது பிந்துகிறது. மேலாளர் சொன்ன கரகரப்பு இந்த ஒரு முழத்தில்தான் இருக்கிறது; எஞ்சினில் இல்லை.

இதைவிடக் கொடுமை நெடுஞ்சாலையில். சேலம் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் சுமார் 2000 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது. அதாவது நொடிக்கு 100 வெடிப்புகள், 100 ஹெர்ட்ஸ். அந்த வேகத்தைத் தொட்டவுடன் காருக்குள் "ஓம்ம்ம்" என்று ஒரு முழக்கம் எழுந்து, வேகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ ஒழிய அடங்குவதில்லை. பின் இருக்கையில் இருந்த என் தாயார் பெருந்துறை தாண்டுவதற்குள் தலைவலி என்று வண்டியை நிறுத்தச் சொன்னார். தாங்கள் அறுத்து எறிந்த ரெசனேட்டரின் வேலையே இந்த முழக்கத்தை விழுங்குவதுதான். அதை எடுத்தே தீர வேண்டும் என்றிருந்தால், பக்கவாட்டில் முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றையாவது வைத்திருக்கலாம். 350 டிகிரி வெப்பத்தில் புகைக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் போகும். 100 ஹெர்ட்ஸுக்கு அதன் கால் அலைநீளம் 1.25 மீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு குழாய், ஒரு மூடி, அவ்வளவுதான்; அதில் போய்த் திரும்பும் ஒலியே முழக்கத்தை அடக்கிவிடும். சைலன்சர் வேலையையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இதை வாடிக்கையாளன் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

இனி எஃகு. நான் பம்பு உற்பத்தித் தொழிலில் இருப்பவன். குழாயும் வெல்டிங்கும் எனக்கு அன்றாடச் சோறு. காந்தம் ஒட்டுகிறது என்பதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்லமாட்டேன், ஏனென்றால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் 409 போன்ற வகைகளில் காந்தம் ஒட்டும். ஆனால் 304 குழாயில் இப்படிக் கப்பென்று ஒட்டாது. ஐப்பசி மழையைப் பார்த்த உடனே செம்மண் நிறத்தில் துருவும் ஏறாது. இது சாதாரண இரும்புக் குழாய்க்கு வெள்ளி நிறப் பூச்சு. கசடே வராத டிக் வெல்டிங் என்று எழுதிக் கொடுத்த இணைப்புகளில் சாதாரண ஆர்க் வெல்டிங்கின் கசடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு இடங்களில் சைலன்சர் ரப்பரைக் கழற்றிவிட்டு இரும்புப் பட்டையால் பாடியோடு சேர்த்தே பற்றவைத்திருப்பதால், அதிர்வு நேராக இருக்கைக்கு வருகிறது.

சட்டத்துக்கு உட்பட்டுத்தான் செய்வோம் என்று வேலைக்கு முன் உறுதி சொன்னீர்கள். சென்ற மாதம் அவிநாசி சாலையில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தி எச்சரித்தார். இதைச் சொன்னபோது, "புகைச் சான்றிதழ்தான் கிடைக்கிறதே" என்றார் மேலாளர். அந்தச் சோதனை புகையைத்தான் அளக்கும், சத்தத்தை அளக்காது. இந்த எஞ்சினில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டோடு ஒட்டியே இருப்பதால் அதில் தங்கள் கை படவில்லை. அதனால்தான் சான்றிதழ் கிடைக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)இன் கீழ், ஒலி வரம்பை மீறினால் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் விதிக்கலாம். அபராதச் சீட்டு வந்தால் என் பெயருக்குத்தான் வரும், தங்கள் பெயருக்கு அல்ல.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு, பழைய பாகங்களையே மாட்டித் தாருங்கள், விட்டுவிடுகிறேன் என்றேன். "அவற்றை எடைக்குப் போட்டுவிட்டோம்" என்று பதில் வந்தது. யாரைக் கேட்டு? அந்தச் சைலன்சரும் ரெசனேட்டரும் என் சொத்து. கழற்றிய பாகங்களைத் தங்களுக்கு விட்டுக்கொடுத்ததாக நான் எங்கும் கையெழுத்திடவில்லை. இந்த மாடலுக்கு அசல் சைலன்சர் இன்று கடைக்குப் போனால் கையில் கிடைக்கிற பொருளா என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அசல் பின் சைலன்சரையும் நடு ரெசனேட்டரையும் தேடிப் பிடித்தோ, அதே மாடலுக்குரியவற்றைத் தங்கள் செலவில் வாங்கியோ, ரப்பர்களுடன் முறையாகப் பொருத்தித் தர வேண்டும்; 92,000 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். "மறுபடியும் வெட்டி ஒட்டிச் சரிசெய்கிறோம்" என்ற யோசனையை ஏற்க மாட்டேன். இனி அந்தக் காருக்கு அடியில் தங்கள் வெல்டர் படுப்பதில் எனக்கு விருப்பமில்லை. பொருத்தும் வேலையை நான் சொல்லும் பணிமனையில், தங்கள் செலவில் செய்ய வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வரவில்லையெனில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். மன உளைச்சலுக்கான இழப்பீடும் கோருவேன். மதிப்பீட்டுத் தாள், பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றின் நகல்களையும், துருவும் வெல்டிங்கும் தெரியும் புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் சமாதானம் பேச வேண்டாம். காரை ஓட்டிக்கொண்டிருந்தால் மணி அடிப்பதே எனக்குக் கேட்காது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்