ஓலைச்சுவடிக்கு நல்லெண்ணெய் வேண்டாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க தாத்தா நாட்டு வைத்தியர். அவரோட சுவடி நாலு கட்டு மயிலாப்பூர் வீட்டு பரண்ல மஞ்சத்துணியில சுத்தி கிடந்துச்சு, உள்ள ரெண்டு துண்டு வசம்பு. ஓலை காஞ்சு முறுக்கிக்கிட்டு தொட்டா ஒடியுற மாதிரி இருக்கவும், யாரோ சொன்னாங்கன்னு ஒரு கட்டுக்கு நல்லெண்ணெய் தடவிட்டேன். ஒரே மாசத்துல ஏடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, தூசி அப்பி, சிக்கு வாடை. பிரிக்கும்போது ஒரு ஏட்டோட ஓரம் நாலஞ்சு எழுத்தோட கையில வந்துருச்சு, அன்னிக்கு ராத்திரி சோறே இறங்கல.

அப்புறம்தான் சுவடி வேலை தெரிஞ்ச ஒரு பெரியவர் விவரம் சொன்னார். நல்லெண்ணெய், தேங்காண்ணெய் எல்லாம் ஆவியாகாம ஓலை மேலயே தங்கிடும். வேண்டியது புல்தைலம், அதாவது எலுமிச்சைப்புல் எண்ணெய். காஞ்ச ஓலைக்கு அது கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கிற பதத்தை தரும், பிசுக்கு விடாம பறந்துடும், அந்த வாசனைக்கு பூச்சியும் கிட்ட வராது. முதல்ல மெத்து பிரஷ்ல தூசியை தட்டிட்டு, பஞ்சுல ரெண்டு சொட்டு விட்டு ஒவ்வொரு ஏடா ரெண்டு பக்கமும் லேசா துடைச்சு நிழல்ல காயவைக்கணும், வெயில் கூடவே கூடாது. எழுத்து தெரியலன்னா விளக்குக்கரியை அதே தைலத்துல குழைச்சு பூசி துடைப்பாங்க. அவர் பூசினப்போ முதல்ல ஏடு முழுக்க கறுப்பு, துடைக்க துடைக்க எழுத்தாணி கீறின கோட்டுல மட்டும் கரி நின்னு "சுக்கு"ன்னு ஒரு வார்த்தை எழும்பி வந்துச்சு பாருங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா இதெல்லாம் எழுத்தாணியால கீறின பனை ஓலைக்குத்தான். மையால எழுதினதுல தடவினா எழுத்து கலைஞ்சு போகலாம், காகிதச் சுவடியில கறை பிடிக்கும்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டிடத்துல அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கு, 1869ல ஆரம்பிச்சது, நம்ம ஊர்லயே இருந்தும் எத்தனையோ பேருக்கு தெரியல. வீட்ல சுவடி வச்சிருக்கவங்க எண்ணெய் பாட்டிலை எடுக்கிறதுக்கு முன்னாடி அங்க ஒரு நடை போய் கேளுங்க. ஐப்பசி மழை வந்து ஈரம் ஏறுறதுக்குள்ள உங்க பேப்பர்லயும் இதைப் பத்தி விவரமா ஒரு கட்டுரை போட்டா புண்ணியமா போகும்.

ஒட்டிப்போன கட்டை நானும் அங்கதான் எடுத்துட்டு போகப்போறேன். ஒடிஞ்ச ஓரத்தை வெள்ளைத்தாள்ல மடிச்சு அதுக்குள்ளயே வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை