மனை பார்க்கும்போது வரத்துக்காலையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனதிலிருந்து, எல்லைக்கு வெளியே இருக்கிற எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மனை விற்பனை மும்முரமாக நடக்கிறது. நானும் அப்படி மனை வாங்கி வந்தவன்தான். அந்த உரிமையில், ஊர்க் குளமான ஊருணிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பற்றி எழுதுகிறேன்.

கல்லுக்கட்டியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மனைவி வீட்டிலேயே தையல். செக்காலைப் பக்கம் ஒரு சின்ன மாடி வீட்டுக்கு மாதம் ஒன்பதாயிரம் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல், நான்கு வருஷத்துக்கு முன்னால் சாக்கோட்டை ஒன்றியத்தில் ஒரு கிராமத்துக்குக் குடிவந்தோம். முதலில் மூவாயிரத்து ஐந்நூறு வாடகையில் ஓட்டு வீடு. அப்புறம் நகையை அடகு வைத்து நான்கு சென்ட் மனை வாங்கி, பாதி கட்டிய வீட்டில் இருக்கிறோம். ராத்திரி கடை அடைத்துக் கிளம்பினால் கடைசி பஸ் போயிருக்கும். பழைய மொபெட்தான் துணை. அதெல்லாம் பழகிவிட்டது. மகள் தெருவில் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டுகிறாள், கீரை பக்கத்துத் தோட்டத்தில் கிடைக்கிறது. ஊர் எங்களைத் தாங்குகிறது.

உண்மையில் எங்களைத் தாங்குவது ஊருணி. வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்கு இது புரிந்தது. நான்கு பக்கமும் செம்புறாங்கல் படி கட்டிய பழைய ஊருணி அது. அதை ஒட்டிய கிணறுகளில்தான் தண்ணீர் இனிக்கும். எங்கள் மனைக் கிணறும் அப்படித்தான். இங்கே வருஷத்தைப் படிக்கணக்கில் சொல்வார்கள். "அது ஆறு படி தெரிஞ்ச வருஷம்" என்றால் நல்ல மழை என்று அர்த்தம். இந்த ஆவணியில் நான் எண்ணிப் பார்த்தேன், பதினாலு படி வெளியே தெரிகிறது. மழை குறைந்ததா என்று கேட்டால், இல்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் விடிய விடிய மழை. காலையில் பார்த்தால் எங்கள் தெருவில் முழங்காலளவு செந்தண்ணீர். எங்கிருந்து வருகிறது என்று குடையோடு மேற்கே நடந்தேன். பொட்டலில் விழுந்த மழை முழுவதும் சரிவில் இறங்கி வந்து, புதிதாகப் போட்ட மனைப்பிரிவின் சாலையில் முட்டி நிற்கிறது. கிராவல் அடித்து இரண்டடி உயர்த்திய சாலை. அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய், ஓர் அடி விட்டம் இருக்கும். அதன் வாயில் ஒரு பனையோலையும் பிளாஸ்டிக் பைகளும் அடைத்திருந்தன. கம்பை விட்டு இழுத்தேன். கொடகொடவென்று கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மறுபடியும் அடைத்துக்கொண்டது. மிச்சத் தண்ணீர் திரும்பித் தெருவுக்குப் போய்விட்டது. அப்படியே ஊருணிக்குப் போனேன். கொட்டுகிற மழையில், கல் கட்டிய அந்த வரத்துக்காலின் வாயில் கையகலத்துக்கு மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மழை ஈரத்தில் ஊறிய ஆட்டுப்புழுக்கைகூட அதில் அடித்துப் போகவில்லை, அங்கேயே கிடந்தது.

பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம் சொன்னேன். "ஏப்பா, முந்தியெல்லாம் கார்த்திகை பொறந்தா மேல்படியத் தண்ணி தொட்டுரும். அந்தப் பொட்டல்தான்ப்பா ஊருணிக்குத் தாய். அதுலயில்ல கல்ல நட்டுப்புட்டாக" என்றார்.

அந்த மனைப்பிரிவைப் போட்டவரிடம் கேட்டேன். எல்லாம் முறைப்படி அனுமதி வாங்கியது, ஓடைப் புறம்போக்கை ஒரு அடிகூடத் தொடவில்லை என்றார். அது உண்மைதான். புல வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டேன். ஊருணிக்குப் பக்கத்தில் வரத்துக்கால் கோடாகத் தெரிகிறது. அதற்கு மேலே பட்டா நிலத்தில் தண்ணீர் பரவலாக ஓடி வருவதால் வரைபடத்தில் கோடே இல்லை. கோடு இல்லாத இடத்தில் யாரும் தடுக்கவில்லை. காகிதத்தில் குற்றமில்லை, ஊருணிக்குத் தண்ணீரும் இல்லை.

இந்தச் சீமையில் முன்னோர் மழையை எவ்வளவு மதித்தார்கள் என்பதை ஒவ்வொரு பெரிய வீடும் சொல்லும். வளவு முற்றத்தில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் இறங்க, அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைப்பார்கள். மழைநீர் சேகரிப்பை 2003இல் அரசு கட்டாயமாக்குவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே இங்கே இருந்த பழக்கம் இது. அவர்கள் வெட்டிய ஊருணிக்கு நாம் வழியை அடைப்பது எனக்கு மனசு ஆறவில்லை.

போன கோடையில் முதல் தடவையாக எங்கள் கிணறு வற்றியது. இரண்டு மாதம் கேன் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் வாங்கினோம். கணக்கு எழுதுகிறவன், கூட்டிப் பார்த்தேன். செக்காலையை விட்டு வந்ததில் மிச்சமானதில் பாதி அந்த மாதங்களில் தண்ணீருக்கே போயிருந்தது.

என் மனையையும் அப்போது பார்த்தேன். மேற்கு ஓரத்தில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதுவும் ஊருணிக்குப் போகிற கிளைதான். அதன் மேலேயே காம்பவுண்டுச் சுவருக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டியாகிவிட்டது. சுவரைத் தள்ளிப் போடலாமா என்றேன். மேஸ்திரி வேண்டாம் என்றார், மனைவி யோசித்தாள். ஆனாலும் மூன்றடி உள்ளே தள்ளி வேறு வானம் தோண்டினோம். பழைய குழியை மூடி, பள்ளத்தில் தண்ணீர் முன்போல் ஓடும்படி சரிசெய்துவிட்டேன்.

எல்லோரும் தனித்தனியாகச் செய்து இது தீராது. பெரிய மனைப்பிரிவு என்றால் சாலை போக 10 சதவீத இடத்தைப் பொதுவுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. எங்கள் பக்கத்து மனைப்பிரிவிலும் ஒதுக்கியிருக்கிறார்கள், உபயோகமில்லாத மேட்டு மூலையில். அதையே தண்ணீர் வருகிற பள்ளத்தை ஒட்டி நீளவாக்கில் ஒதுக்கச் சொன்னால், யாருக்கும் ஒரு மனைகூட நஷ்டமில்லை. ஊருணிக்கு வழியும் கிடைக்கும். சாலை குறுக்கிடும் இடத்தில் குழாய்க்குப் பதில் சின்னப் பாலமாகப் போட வேண்டும். அனுமதி கொடுக்குமுன் அதிகாரிகள் ஒரு தடவையாவது மழை நாளில் வந்து அந்த நிலத்தில் நடந்து பார்க்க வேண்டும். உள்ளூரில் வயதானவர்கள் இருக்கிறார்கள், தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று அவர்கள் கை காட்டுவார்கள். வரைபடத்தில் இல்லாத அந்தக் கோடுகளை அவர்கள் இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

மனை பார்க்க வருகிற என் போன்ற குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டா, வில்லங்கம் பார்க்கிறீர்கள். ஊருணி எங்கே, அதற்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் டீக்கடையில் கேளுங்கள்.

எங்கள் ஊரில் அறுபத்திரண்டு பேர் கையெழுத்திட்ட மனுவைக் கொடுத்திருக்கிறோம். ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் பாலம் போட்டுத் தரும்படி, தங்கள் நாளிதழ் மூலமாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு துணிக்கடைக் கணக்கர்,
சாக்கோட்டை ஒன்றியம், சிவகங்கை மாவட்டம்