பாட்டுக்கு நேராகக் காசு வாங்குங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்தமாகப் பாட்டுக் கட்டி இணையத்தில் வெளியிடும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். பாலக்கோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என் கடையில் ரீசார்ஜைவிட அதிகம் நடந்தது மெமரி கார்டில் பாட்டு ஏற்றுகிற வேலை. தக்காளி மண்டிக்கு லோடு கொண்டுவரும் டிரைவர்கள் முப்பது ரூபாய் கொடுத்து, கார்டு நிறையப் பாட்டு வாங்கிப் போவார்கள். அந்தக் காசில் ஒரு பைசாகூடப் பாடியவருக்கோ எழுதியவருக்கோ போனதில்லை. அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது உங்கள் பாட்டைச் சந்தா கட்டித்தான் கேட்கிறேன். 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டு கேட்கும் ஆப் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 119 ரூபாய். கேட்கிறவனுக்கு அது மலிவுதான். ஆனால் மாதம் முழுக்க உங்கள் பாட்டை மட்டுமே நான் கேட்டாலும் அந்தப் பணம் அப்படியே உங்களுக்கு வராது. எல்லாருடைய சந்தாவும் ஒரே உண்டியலில் விழுகிறது. கம்பெனியின் பங்கு போக மீதியை, எந்தப் பாட்டு மொத்தம் எத்தனை முறை ஓடியது என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். என் காசில் பெரும்பகுதி நான் கேட்கவே கேட்காத பாட்டுக்குப் போய்விடுகிறது. 2024 முதல் இன்னொரு விதியும் உண்டு: 12 மாதத்தில் 1,000 முறை ஓடாத பாட்டுக்கு அவர்கள் பணமே கணக்கிடுவதில்லை. உங்கள் ஊர்ப் பண்டிகைக்குக் கட்டிய பம்பைப் பாட்டு 900 முறை ஓடினாலும் கைக்கு வருவது பூஜ்யம்.

சவுண்ட்கிளவுட் என்ற இன்னொரு பாட்டு ஆப் 2021இல் தனிக் கலைஞர்களுக்கு இந்தக் கணக்கை மாற்றியது. ஒருவர் கட்டிய காசு, அவர் யார் யார் பாட்டைக் கேட்டாரோ அவர்களுக்கே பிரியும். நியாயம் அதுதான். ஆனால் எங்கள் ஊரில் அதற்குச் சந்தா கட்டியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

சரி, பாட்டை ஒவ்வொன்றாக விற்றால்? ஃபிளிப்கார்ட் 2012இல் ‘ஃபிளைட்’ என்று ஒரு பாட்டுக் கடை திறந்து, அடுத்த வருஷமே மூடியது. பத்து ரூபாய்ப் பாட்டுக்கு யார் உட்கார்ந்து கார்டு நம்பர் அடிப்பார்கள்? யுபிஐ வந்ததே 2016இல்தான். கலைஞர்களே பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் என்ற இணையதளம் நல்ல இடம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு, பணப் பரிமாற்றச் செலவு போக மற்றதைக் கலைஞருக்கே கொடுக்கிறது. ஆனால் அங்கே கலைஞருக்குப் பணம் வருவது பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாக; இந்தியாவுக்குள் ஒருவர் இன்னொருவருக்கு பேபாலில் பணம் கட்டுவது 2021 ஏப்ரல் முதல் நின்றுவிட்டது. வெளிநாட்டு ரசிகருக்கு அந்தக் கடை சரிப்படும். யுபிஐ மட்டும் வைத்திருக்கும் எங்கள் மண்டித் தரகருக்குச் சரிப்படாது.

நம் ஊர்க் கூத்தை நினைத்துப் பாருங்கள். விடியவிடிய ஆட்டம் நடக்கும்போது, பிடித்துப்போனவர் எழுந்து போய் நோட்டைக் கையில் கொடுப்பார். கட்டியங்காரன் அவர் பேரையும் ஊரையும் சொல்லி வாழ்த்துவான். கேட்டவர் கொடுத்த காசு ஆடியவர் கைக்கே போனது. அந்த வழக்கத்தை நீங்கள் போனுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். யூடியூபில் பாட்டைப் போடுங்கள், ஆப்களிலும் விடுங்கள், நாலு பேர் காதில் விழட்டும். அதோடு வியாபாரிகள் வைத்திருப்பது போல ஒரு ஸ்கேனரை (கியூஆர் கோடு) வங்கியில் வாங்கி, அந்தப் படத்தைப் பாட்டின் கீழே போடுங்கள். இருபது ரூபாய் அனுப்புகிறவருக்கு வாட்ஸப்பில் எம்பி3 ஃபைலை அனுப்புங்கள். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. இருபதும் இருபதாகவே வந்து சேரும். அப்புறம், அடுத்த பாட்டின் தொடக்கத்தில் கொடுத்தவர்கள் பேரை வாசியுங்கள். மெட்டும் வரியும் உங்களுடையதாக இருந்தால் மட்டும் இப்படி விற்க வேண்டும். சினிமாப் பாட்டைப் பாடி விற்றால் நான் அன்று செய்த அதே தப்புதான்.

என் கடைக் கண்ணாடியில் உங்கள் ஸ்கேனர்களை ஒட்ட இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மெமரி கார்டும் பென் டிரைவும் கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காசு உங்கள் கணக்குக்கு வந்த பிறகு பாட்டை ஏற்றித் தருகிறேன். எனக்குக் கமிஷன் வேண்டாம்.

அன்புடன்,
பாலக்கோட்டு செல்போன் கடைக்காரன்